அடிபட்ட பெட்டியும் நார்மல் ரீடிங்கும்

மக்களே, இது கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறவங்க, சோலார் போடலாம்னு நினைக்கிறவங்க, வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுறவங்க, மூணு பேருக்கும் இதில் விஷயம் இருக்கு.

நான் டெல்டா பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில் டாக்டர். எம்பிபிஎஸ். எலக்ட்ரிக்கல் படிச்சவன் இல்லை. இது நான் செய்யப் பார்த்த ஒரு தப்பைப் பற்றிய பதிவு.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லணும்.

அப்பா முப்பது வருஷம் நெல் அரவை மில்லில் வேலை பார்த்தவர். பகல் முழுக்க தவிட்டுத் தூசி. வேலை முடிஞ்சா பீடி. இப்போ வயசு 71. சிஓபிடி, அதாவது நுரையீரல் மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஆக்சிஜன் இல்லாம சும்மா உட்கார்ந்திருந்தாலே விரலில் மாட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டரில் 85, 86 தான் காட்டும்.

இந்த மாதிரி ரத்தத்தில் ஆக்சிஜன் நிரந்தரமா குறைஞ்சு போன சிஓபிடி நோயாளிக்கு ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் தரணும். அப்படித் தந்தால் ஆயுள் கூடும் என்பது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை.

"15 மணி நேரம்" என்ற வார்த்தையைக் கவனிங்க. இது இருமல் மருந்து மாதிரி வேளைக்கு ஒரு மூடி இல்லை. இரவு முழுக்க, பகலில் பாதி.

அப்பாவுக்கு நிமிஷத்துக்கு 2 லிட்டர் போதும். அதில் 90, 91 நிற்கும். இவங்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் சரி. "நூறுக்குக் கொண்டு வந்தா என்ன டாக்டர்?"னு பலர் கேட்பாங்க. கூடாது. சிஓபிடி நோயாளிக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் ஏத்தினா ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கத்துக்கே போகலாம். ஆகவே நீங்களா நாப்-ஐத் திருப்பாதீங்க.

இந்த ஆக்சிஜனைத் தருவது கான்சென்ட்ரேட்டர். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, நைட்ரஜனைப் பிரிச்சு, ஆக்சிஜனை மட்டும் தரும் மிஷின். சிலிண்டர் மாதிரி தீர்ந்து போகாது. ஆனா கரண்ட் வேணும். எங்க வீட்டு மிஷின் கிட்டத்தட்ட 350 வாட் இழுக்கும்.

கரண்ட் இல்லைன்னா?

கஜா புயலை டெல்டாக்காரங்க யாரும் மறக்க மாட்டாங்க. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை ஏறினது. மரம் மட்டுமா விழுந்தது? கரண்ட் கம்பம் வரிசை வரிசையா சாஞ்சு கிடந்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரலை.

நான் அப்போ ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதுசு. ஒரு அம்மா தன் வீட்டுக்காரரை டிராக்டரில் வைச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் வீட்டில் ஆக்சிஜன் மிஷின் இருந்தது. கரண்ட் தான் இல்லை. சிலிண்டரை மாத்திட்டு வரலாம்னா ரோடு முழுக்க மரம். நாங்க ஆக்சிஜன் போட்டு, ஜெனரேட்டரில் ஓட்டி, வழி கிடைச்சதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். போகும்போது அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கு: "மிசினு இருந்தும் இப்புடி ஆயிப்போச்சே தம்பி."

போன வருஷம் அப்பாவுக்கு அதே மிஷின் வீட்டுக்கு வந்த அன்னைக்கு எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அம்மாதான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

எங்க வீட்டில் ஏற்கனவே 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒண்ணு இருக்கு. புதுசா இருந்தப்பவே இந்த மிஷினை மட்டும் ஓட்டினா ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. இப்போ அது கிழடாகி ஒண்ணேகால் மணி நேரம்.

அதனால் நானே ஒரு லித்தியம் பேட்டரி கட்டலாம்னு முடிவு பண்ணேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 1997-ல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்எனஃப் ஆகிய மூணு பேரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உலகத்துக்குத் தெரிய வந்த சரக்கு. குட்எனஃபுக்கு லித்தியம் அயான் பேட்டரி வேலைகளுக்காக 2019-ல் நோபல் கிடைச்சது. போன், லேப்டாப்பில் இருக்கும் மத்த லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும், சுலபத்தில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏத்தி இறக்கலாம்.

ஒரு செல் 3.2 வோல்ட், 280 ஏஎச். பார்க்க நீல பிளாஸ்டிக் சுத்தின செங்கல் மாதிரி இருக்கும். எடை அஞ்சரை கிலோவுக்குப் பக்கம். 8 செல்லை வரிசையா கோர்த்தா 25.6 வோல்ட். மொத்தம் 7 யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் மேல. 80 சதவீதம் மட்டும் பயன்படுத்தி, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழிச்சா அப்பா மிஷின் 13, 14 மணி நேரம் ஓடும். மாடியில் சோலார் பேனல் நாலு இருக்கு. பகலில் வெயில் வந்தா திரும்ப ஏறிக்கும். இன்னொரு கஜா வந்தாலும் சமாளிச்சிடலாம்.

ரெடிமேடா விக்கிற பேட்டரி விலையில் பாதிதான் ஆச்சு. அதில் எனக்கு ஒரு பெருமை வேற.

புரட்டாசி கடைசியில் பெட்டி வந்தது. ரெண்டு அட்டைப்பெட்டி. ஒவ்வொண்ணிலும் 4 செல். முதல் பெட்டி நல்லா இருந்தது. ரெண்டாவது பெட்டியின் ஒரு கீழ் மூலை உள்ளே நசுங்கி இருந்தது. யாரோ எங்கேயோ உயரத்தில் இருந்து கீழே போட்டிருக்காங்க.

கூரியர் தம்பி அவசரத்தில் இருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். "பெட்டி சேதமாக வந்தது"ன்னு எழுதலை. முதல் தப்பு.

பிரிச்சுப் பார்த்தேன். நசுங்கின பெட்டியில்:

ஒரு செல்லின் கீழ் மூலை உள்வாங்கி இருந்தது. நீல உறை கிழிஞ்சு உள்ளே அலுமினியம் தெரிஞ்சது.

இன்னொரு செல்லின் மேல்மூடி ஓரத்தில் ஈரப் பிசுபிசுப்பு. ஒரு மாதிரி இனிப்பான தின்னர் வாசனை. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் கசிஞ்சிருக்கு.

மத்த ரெண்டும் பளபளன்னு புதுசு மாதிரி. ஒரு கீறல்கூட இல்லை.

மல்டிமீட்டர் வைச்சேன். நல்ல பெட்டியில் நாலும் 3.294-ஐ ஒட்டி. அடிபட்ட பெட்டியில் 3.294, 3.294, மூலை நசுங்கினது 3.293. கசியுற செல்கூட 3.290!

எல்லாமே நார்மல். மனசு உடனே லேசாச்சு.

மகள் பிறந்தப்ப வாங்கின குழந்தை எடை பார்க்கிற மிஷின் பரண்மேல் இருந்தது. அதை இறக்கி ஒவ்வொரு செல்லையும் எடை போட்டேன். கசியுற செல் மத்ததைவிட கிட்டத்தட்ட 40 கிராம் குறைவு. அந்த அளவுக்கு உள்ளே இருந்த திரவம் வெளியே போயிருக்குன்னு அர்த்தம். மத்த ஏழும் ஒரே எடை.

வித்தவங்களுக்கு போட்டோ அனுப்பினேன். மறுநாள் பதில். "கசியுற செல்லுக்கு வேற அனுப்பறோம் சார், நாலு நாளில் வரும். டென்ட் விழுந்தது வெளித்தோற்றம் மட்டும்தான், அதுக்கு 1,500 ரூபாய் கழிச்சுக்கிறோம். மத்த ரெண்டும் வோல்டேஜ் கரெக்டா இருக்கே, அப்புறம் என்ன?"

எனக்கும் "அப்புறம் என்ன?"ன்னுதான் தோணுச்சு.

ஏன்னு சொல்றேன். ஐப்பசி பிறக்கப் போகுது. வடகிழக்குப் பருவமழை வாசலில் நிக்குது. வானிலை அறிக்கையில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுன்னு சொல்ல ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு தடவை கரண்ட் போகும்போதும் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒண்ணும் கேட்க மாட்டார்.

சொன்ன மாதிரியே நாலாவது நாள் மாத்து செல் வந்தது. இப்போ கையில் எட்டு செல் ஆச்சு. அன்னைக்கு ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். நசுங்கின செல்லின் கிழிஞ்ச உறை மேல இன்சுலேஷன் டேப் சுத்தினேன். எட்டையும் வரிசையா அடுக்கினேன். இணைப்புக்கான செம்புப் பட்டையைக் கையில் எடுத்தாச்சு.

மனைவி வந்து நின்னாங்க. அவங்க டாக்டரும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"என்னங்க, இந்தப் பெட்டி கீழே விழுந்ததுதானே? அந்த மூணும் விழுந்த பெட்டியில இருந்து வந்ததுதானே?"

பட்டையைக் கீழே வைச்சேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்லியாகணும்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப ஒரு ராத்திரி விபத்துப் பிரிவுக்கு இருபது வயசுப் பையன் வந்தான். பைக் சறுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியிருக்கு. சிராய்ப்புகூட பெருசா இல்லை. பிபி 120/80. நடந்தே வந்தான், நடந்தே போறேன்னு நின்னான். நானும் ஊசி போட்டு அனுப்பிடலாம்னுதான் இருந்தேன்.

டியூட்டி சர்ஜன் வந்து என்கிட்ட பிபி கேட்கலை. "வண்டி எப்படி விழுந்தது? எங்கே குத்துச்சு?"ன்னு கேட்டார். கேட்டுட்டு, "அட்மிட் பண்ணு. பிபி இப்போ உள்ளதைத்தான் சொல்லும். அடி எப்படிப் பட்டதுங்கறது நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்லும்"னார்.

மூணாவது நாள் காலையில் அந்தப் பையனுக்கு வியர்த்துக் கொட்டி பிபி இறங்கிச்சு. மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. முதல் நாள் உறைக்குள்ளேயே அடங்கி இருந்த ரத்தக்கட்டு மூணாவது நாள் உடைஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில் இருந்ததால் உடனே ஆபரேஷன் நடந்து பிழைச்சான். வீட்டுக்கு அனுப்பியிருந்தா?

விபத்து நோயாளியைப் பார்க்கும்போது நாங்க படிக்கிற முதல் பாடம் இது. ஆளை மட்டும் பார்க்காதே, அடிபட்ட விதத்தைப் பார். கூட வந்தவர் இறந்திருந்தா, வண்டி நொறுங்கி இருந்தா, உயரத்தில் இருந்து விழுந்திருந்தா, நோயாளி சிரிச்சுப் பேசினாலும் அவர் ஆபத்தில் இருக்கார்னு வைச்சுத்தான் ஆரம்பிக்கணும்.

தினமும் மத்தவங்களுக்குச் சொல்ற பாடம். சொந்த வீட்டுத் தாழ்வாரத்தில் மறந்து போச்சு. அவசரம் கண்ணை மறைச்சிடுச்சு.

இப்போ செல்லுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்ப்போம்.

ஒரு அலுமினியத் தகடு, ஒரு செம்புத் தகடு. ரெண்டு மேலேயும் மருந்து பூசியிருக்கும். நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. இதைத்தான் செப்பரேட்டர்னு சொல்றாங்க. நம்ம தலைமுடியின் தடிமனில் மூணில் ஒரு பங்குகூட இருக்காது. இந்த மூணும் அடுக்கடுக்கா சுத்தி உள்ளே திணிச்சிருக்கும். அந்தச் சவ்வு இருக்கும்வரை பேட்டரி. அது கிழிஞ்சா உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட்.

அஞ்சரை கிலோ செல் கீழே விழும்போது மூலையில் அந்த அடுக்குகள் நசுங்கலாம். சவ்வு முழுசா கிழியாம மெலிஞ்சு போகலாம். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. சார்ஜ் ஏறும்போது இந்த அடுக்குகள் கொஞ்சம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். தினமும் இப்படி மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும்போது, மெலிஞ்ச இடம் என்னைக்கோ ஒரு நாள் விட்டுடும்.

"பிஎம்எஸ் இருக்கே டாக்டர்?" இருக்கு. பிஎம்எஸ் என்கிற காவல் சர்க்யூட், வோல்டேஜ் ஏறினாலோ, அளவுக்குக் கீழே இறங்கினாலோ, கரண்ட் அதிகமானாலோ, சூடானாலோ வெளி இணைப்பைத் துண்டிக்கும். செல்லுக்குள்ளே நடக்கும் ஷார்ட்டை அதால் துண்டிக்க முடியாது. வெளியே இருக்கும் கதவைப் பூட்டலாம், உள்ளே எரியும் அடுப்பை அணைக்க முடியாது.

கிழிஞ்ச நீல உறைக்கும் ஒரு ஆபத்து உண்டு. வரிசையா கோர்த்த செல்களின் அலுமினிய உடம்பு ஒண்ணோடு ஒண்ணு உரசினா அதுவே ஒரு ஷார்ட். நான் சுத்தின டேப் அதுக்கு மருந்து இல்லை.

இன்னொண்ணு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சுலபத்தில் தீப்பிடிக்காதுன்னு மேலே சொன்னேன். "சுலபத்தில்" என்ற வார்த்தை முக்கியம். அதிகமா சூடானா அதுவும் எரியக்கூடிய வாயுவைக் கக்கும். எங்க வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் ஆக்சிஜன் மிஷின் ஓடுது. ஆக்சிஜன் தானா எரியாது. ஆனா எரியுற எதையும் பல மடங்கு வேகமா எரிய வைக்கும். அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் எழுந்து ஓடக்கூடியவர் இல்லை.

நான் அப்பாவைக் காப்பாத்தக் கட்டுற பொருளையே அவர் தலைமாட்டில் வெடியா வைக்கப் பார்த்திருக்கேன்.

அன்னைக்கு ராத்திரியே நசுங்கின பெட்டியில் வந்த மிச்ச மூணு செல்லையும் வெளியே எடுத்தேன். கசியுற செல் முதல் நாளே கொல்லையில்தான் இருந்தது. வீட்டை விட்டுத் தள்ளி, வைக்கோல் போருக்கு எதிர்ப்பக்கம், மழை படாத தகரக் கொட்டகை. நாலு பக்கமும் காற்றோட்டம். காய்ஞ்ச மணல் போட்ட தொட்டியில், ஒண்ணோடு ஒண்ணு படாம, முனைகளுக்கு டேப் ஒட்டி வைச்சேன்.

மழை படாத இடம்னு ஏன் சொல்றேன்? கசியுற திரவத்தில் லித்தியம் ஹெக்ஸாஃப்ளுரோபாஸ்பேட்னு ஒரு உப்பு இருக்கு. ஈரம் பட்டா அதில் இருந்து ஹைட்ரஜன் ஃப்ளுரைடு உண்டாகும். இங்கே டாக்டரா சில வார்த்தை சொல்லிடறேன்.

ஹைட்ரஜன் ஃப்ளுரைடு மத்த அமிலம் மாதிரி இல்லை. பட்ட உடனே எரியணும்னு அவசியமில்லை. தோல் வழியா உள்ளே இறங்கி, திசுவில் இருக்கும் கால்சியத்தைப் பிடிச்சு வைச்சுக்கும். மணிக்கணக்கில் கழிச்சுத்தான் தாங்க முடியாத வலி வரும். அளவு அதிகமானா ரத்தத்தில் கால்சியம் குறைஞ்சு இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

ஒரு செல்லில் கசியுற துளிக்கு இவ்வளவு நடக்கும்னு பயமுறுத்தலை. ஆனா வெறும் கையால் தொடாதீங்க. நைட்ரைல் கையுறை, கண்ணாடி போடுங்க. காற்று உங்க முதுகுப் பக்கம் இருந்து வீசற மாதிரி நில்லுங்க. முகர்ந்து பார்க்காதீங்க. தோலிலோ கண்ணிலோ பட்டா உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கிட்டே இருங்க. பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து "லித்தியம் பேட்டரி திரவம் பட்டது"ன்னு தெளிவா சொல்லுங்க. இதற்குக் கால்சியம் குளுக்கோனேட் மருந்து இருக்கு. நீங்க சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

பேட்டரி புகையைச் சுவாசிச்சவங்க நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு வரணும். சில மணி நேரம் கழிச்சு நுரையீரலில் நீர் கோர்க்கலாம்.

சரி, மழை?

மழை வந்தது. அடுத்த வாரமே. ராத்திரி ஒன்பது மணிக்குக் காற்று. தெருமுனையில் தூங்குமூஞ்சி மரம் விழுந்து கம்பி அறுந்தது. டியூபுலர் பேட்டரி தன் வயசுக்கு ஏத்த மாதிரி ஒண்ணேகால் மணி நேரம் தாக்குப் பிடிச்சது.

"நல்ல செல் நாலை மட்டும் பழைய இன்வெர்ட்டரில் மாட்டியிருக்கலாமே?"ன்னு சிலர் கேட்பீங்க. என்கிட்ட இருந்த பிஎம்எஸ் எட்டு செல்லுக்கானது. பழைய இன்வெர்ட்டர் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஏத்த வோல்டேஜில் சார்ஜ் ஏத்தும். காவல் இல்லாம லித்தியம் செல்லை அதில் மாட்டினா அது இன்னொரு முட்டாள்தனம்.

அன்னைக்குக் கைகொடுத்தது சிலிண்டர். செல்லை ஒதுக்கி வைச்ச மறுநாளே டவுனில் இருந்து ரெண்டு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து வைச்சிருந்தேன். ஒண்ணில் சுமார் 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 2 லிட்டர்னா 12 மணி நேரம்.

இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் ரெகுலேட்டரை மாட்டினேன். மெழுகுவத்தி, விளக்கு எதுவும் அந்த அறைக்குள் கூடாது. அப்பா பார்த்துக்கிட்டே இருந்தார்.

"ஏன் தம்பி, அந்த நீலக்கட்டிய மாட்டியிருந்தா இவ்வளவு பாடு இல்லல்ல?"

"அதுல சிலது அடிபட்டு வந்திருக்குப்பா."

"மேல பாத்தா நல்லாத்தானேடா இருந்துச்சு."

"நீங்களும் மேல பாத்தா நல்லாத்தாம்ப்பா இருந்தீங்க. மில்லுக்குப் போயிட்டுதானே இருந்தீங்க."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மூக்கில் குழாயோடு சிரிச்சார். சிரிச்சா இருமல் வரும். அன்னைக்கும் வந்தது.

கரண்ட் வர 19 மணி நேரம் ஆச்சு. ரெண்டாவது சிலிண்டரில் பாதிக்கு மேல மிச்சம் இருந்தது. நான் தூங்கலை. அப்பா தூங்கினார்.

இப்போ அந்த நீலக்கட்டி கதையின் முடிவு.

கசியுறதைத் தவிர மத்த செல்களைப் பிரிச்ச நாளில் இருந்து ரெண்டு நாளுக்கு ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதிட்டு வந்தேன். எதோடும் இணைக்கலை. சும்மா கிடக்கும் நல்ல செல்லின் வோல்டேஜ் நாள்கணக்கில் அசையக் கூடாது.

பன்னிரண்டாவது நாள்:

நல்ல பெட்டியில் வந்த நாலும் அசையலை.

மூலை நசுங்கி, உறை கிழிஞ்ச செல்லும் அசையலை!

பளபளன்னு இருந்த ரெண்டில் ஒண்ணு அசையலை. இன்னொண்ணு 3.294-ல் இருந்து 3.261-க்கு இறங்கியிருந்தது.

0.033 வோல்ட்தானேன்னு நினைக்காதீங்க. இந்த வகை செல்லில் வோல்டேஜ் சமதரை மாதிரி. முக்கால்வாசி நிரம்பி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் பெரிய வித்தியாசம் காட்டாது. அங்கே இவ்வளவு இறங்கியிருக்குன்னா உள்ளே இருந்த சார்ஜில் கணிசமான பகுதி தன்னால் கரைஞ்சு போயிருக்கு. எங்கே போச்சு? உள்ளேயே. வெளியே ஒரு கீறல் இல்லாத செல், உள்ளுக்குள் ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

யாரைப் பார்த்துப் பயந்தேனோ அது நின்னுச்சு. எதை நம்பினேனோ அதுதான் கசிஞ்சது. அந்த மூணில் எது நல்லது எது கெட்டதுன்னு கண்ணாலோ மல்டிமீட்டராலோ முதல் நாள் என்னால் சொல்லியிருக்கவே முடியாது. நின்ன ரெண்டும்கூட ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது.

அந்த நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வித்தவங்களுக்கு அனுப்பினேன். "மூணையும் கூரியரில் திருப்பி அனுப்புங்க, பார்க்கிறோம்"னாங்க.

இங்கேதான் அடுத்த முக்கியமான விஷயம். லித்தியம் பேட்டரி போக்குவரத்து விதிப்படி அபாயகரமான சரக்கு. நல்ல பேட்டரிக்கே அதிர்வு, மோதல், ஷார்ட் எல்லாம் சோதிச்சுப் பார்க்கும் யூஎன் 38.3 சோதனைச் சான்று வேணும். தனியா அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏத்துவது 2016 ஏப்ரலில் இருந்தே தடை. அடிபட்டுக் கெட்டுப்போனதை எந்த விமானத்திலும் அனுப்பக் கூடாது. அதைச் சாதாரண அட்டைப்பெட்டியில் போட்டு, என்னன்னு சொல்லாம அனுப்பினா, போகிற வழியில் அந்தக் கூரியர் தம்பி வண்டியில் என்ன வேணாலும் ஆகலாம்.

முடியாதுன்னு சொன்னேன். "அப்போ ரீஃபண்ட் கஷ்டம் சார்"னாங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிஞ்சேன். போட்டோ, எடை, தேதி போட்ட அளவீடு எல்லாம் இருந்தது. பிரிக்கும்போது எடுத்த வீடியோவும் இருந்தது. கையெழுத்தில் கோட்டை விட்டாலும் அது காப்பாத்துச்சு. மூணு வாரம் இழுத்தது. கடைசியில் மூணு செல் புதுசா, மரச் சட்டத்துக்குள் பேக் பண்ணி வந்தது. பழைய நாலையும் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரங்களே வந்து எடுத்துட்டுப் போக ஏற்பாடு ஆச்சு. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022-இன்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர், இறக்குமதியாளருக்கு உண்டு. குப்பை வண்டியில் போடாதீங்க. வண்டியில் நசுங்கினா குப்பையோடு வண்டியும் எரியும்.

புது செல்களையும் ரெண்டு வாரம் சும்மா வைச்சு அளந்தபிறகே கோர்த்தேன். பேட்டரி இப்போ தாழ்வாரத்துக்கு வெளியே, தனி இரும்பு அலமாரியில். அப்பா அறையில் இல்லை. சிலிண்டர் ரெண்டும் அப்படியே இருக்கு. அதை நிறுத்தவே மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்றது இதுதான்:

1. வீட்டில் ஆக்சிஜனை நம்பி ஒருத்தர் இருந்தா, முடிஞ்சவரை வாரண்டியும் சர்வீஸும் உள்ள ரெடிமேட் பேட்டரியே வாங்குங்க. நான் மிச்சம் பிடிச்ச பணத்தைவிட அந்த ஒன்றரை மாசப் பதற்றம் விலை அதிகம்.

2. பெட்டி நசுங்கி வந்தா வாங்காதீங்க. வாங்கித்தான் ஆகணும்னா ரசீதில் "சேதமாக வந்தது"ன்னு எழுதி, படம் எடுத்துக் கையெழுத்துப் போடுங்க. பிரிப்பதை முழுசா வீடியோ எடுங்க.

3. நசுங்கின, உப்பின, கசியுற, வாசனை வருகிற செல்லைச் சார்ஜ் போட்டுப் பார்க்காதீங்க. "ஒரு தடவை சார்ஜ் ஏறுதான்னு பார்ப்போம்" வேண்டவே வேண்டாம்.

4. வோல்டேஜ் சரியா இருக்குன்னா செல் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. எடை போடுங்க. ரெண்டு வாரம் சும்மா வைச்சு அளங்க. விழுந்த பெட்டியில் வந்ததை மொத்தமா மாத்தச் சொல்லுங்க.

5. பேட்டரியில் இருந்து புகை வந்தா தூக்கிட்டு ஓடாதீங்க. ஆட்களை வெளியேத்துங்க, கதவைச் சாத்துங்க, 101 அல்லது 112-க்குக் கூப்பிடுங்க. லித்தியம் பேட்டரின்னு சொல்லுங்க.

6. ஆக்சிஜன் ஓடுற அறையில் பீடி, ஊதுபத்தி, விளக்கு, கொசுவத்தி எதுவும் வேண்டாம்.

7. மிஷின் இருந்தாலும் ஒரு சிலிண்டர் நிரப்பி வைங்க. வாடகைக்குக் கிடைக்கும். மாசம் ஒரு தடவை பிரஷர் பாருங்க.

கடைசியா ஒண்ணு.

விபத்தில் அடிபட்டவரை "நல்லாத்தானே இருக்கார், கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம்"னு அவசரப்படுற சொந்தக்காரங்களைத் தினமும் பார்க்கிறேன். அவங்க மேல முன்னாடி எரிச்சல் வரும். இப்போ வர்றதில்லை. வீட்டில் ஒரு அவசரம் இருக்கும்போது நார்மல்னு காட்டுற ஒரு எண்ணை எவ்வளவு ஆசையா நம்பத் தோணும்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. அதனால் இப்பல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி எப்படி விழுந்ததுன்னு அவங்களையே சொல்ல வைக்கிறேன். பாதிப் பேர் சொல்லி முடிக்கும்போதே புரிஞ்சுக்கிட்டு, "ஒரு நாள் இருந்துட்டே போறோம் சார்"னு சொல்றாங்க.

நேத்து சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடுறேன். வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைச்சிருக்கிறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, மழைக்காலத்துக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்பி வைங்க.